நடுவர் மேசையில் ஒரு படம்

1887-ல் லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த ‘அமெச்சூர் போட்டோகிராஃபர்’ இதழ் வாசகர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. தலைப்பு, விடுமுறைக் காலப் படங்கள். நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன். இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலைகளையும் அங்கே நாணல் அறுத்துப் பிழைத்த மனிதர்களையும் படமெடுத்துப் பெயர் பெற்றவர் அவர். மிகக் கறாரான விமர்சகர் என்றும் அறியப்பட்டவர். வந்து குவிந்த படங்களிலிருந்து இத்தாலியக் கிராமம் ஒன்றில் சிரித்துக்கொண்டிருக்கும் சிறுவர் கூட்டத்தை அவர் முதல் பரிசுக்குத் தேர்ந்தெடுத்தார். வந்தவற்றில் இயல்பாகப் பிறந்த படம் இது ஒன்றுதான் என்பது அவர் தீர்ப்பு. படத்தை அனுப்பியவர் பெர்லினில் படித்துக்கொண்டிருந்த 23 வயது அமெரிக்க இளைஞர். பெயர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். புகைப்படத்தைக் கலை என்று அமெரிக்காவை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகப் பிற்காலத்தில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர்.

இன்றைய தலைப்புப் போட்டிகளின் அடிப்படை அமைப்பு முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது: ஒரு தலைப்பு, கெடு தேதி, தொழில் அறிந்த ஒரு நடுவர், முகம் தெரியாத ஒரு போட்டியாளர். 135 ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. கண்ணாடித் தகடு போய்ச் சுருள் பிலிம் வந்தது, அதுவும் போய் டிஜிட்டல் வந்தது, இப்போது கேமராவே தேவையில்லாத ‘படம்’ வந்திருக்கிறது. போட்டிகள் மட்டும் ஓயவில்லை. மாவட்ட நிர்வாகம் நடத்தும் பொங்கல் போட்டி தொடங்கி லண்டன், ஆம்ஸ்டர்டாம், துபாய் வரை ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு தலைப்பு அறிவிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தப் போட்டிகள் புகைப்படக்காரருக்கு என்ன தருகின்றன, என்ன பறிக்கின்றன, அனுபவசாலிகளின் தீர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவை நிதானமாக ஆராயவேண்டிய கேள்விகள்.

மதராஸில் தொடங்கிய கதை

இந்த வரலாற்றில் சென்னைக்கு லண்டன் இதழைவிட மூத்த இடம் உண்டு. 1855-ல் மதராஸில் தென்னிந்தியப் பொருள்களுக்கும் கலைகளுக்குமான பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. படைப்பிரிவு அதிகாரியான லின்னேயஸ் டிரைப் அதற்கு 68 புகைப்படங்கள் அனுப்பினார். பேலூர், ஹளேபீடு கோயில்களை அதற்கு முன் எவரும் அப்படிப் படமெடுத்திருக்கவில்லை. காகிதத்தில் எடுக்கப்பட்ட காட்சித் தொகுதிகளில் இதுவே சிறந்தது என்று நடுவர் குழு பரிசளித்தது. அடுத்த ஆண்டு மதராஸ் அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் எடுத்த படங்கள்தான் தமிழகக் கோயில்களின் முதல் முறையான புகைப்பட ஆவணம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து ஒரே நீண்ட படமாக ஒட்டிச் சேர்த்திருக்கிறார். பரிசு வாங்கியதால்தான் பதவி கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஒரு புகைப்படக்காரரின் தகுதியைப் பொதுவில் எடுத்துச் சொல்லும் வேலையைப் போட்டி எவ்வளவு முன்பே செய்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அதே பத்தாண்டில் பம்பாய், கல்கத்தா, மதராஸ் மூன்று நகரங்களிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. மதராஸ் கலைப் பள்ளியை நிறுவிய அலெக்ஸாண்டர் ஹன்டர் இங்கே சங்கம் அமைவதற்கு முன்நின்றார். உறுப்பினர்கள் கூடுவது, படங்களைச் சுவரில் மாட்டுவது, மூத்தவர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறை நிறை சொல்வது என்ற பழக்கம் இத்தகைய சங்கங்களில் வேரூன்றியது.

எதிர்ப்பும் பிற்காலத்தில் எழுந்தது. 1892-ல் லண்டனில் உருவான ‘லிங்க்டு ரிங்’ என்ற குழு, பதக்கங்களுக்காகப் படமெடுப்பது கலையைக் கெடுக்கிறது என்று கருதியது. மறு ஆண்டு அவர்கள் நடத்திய கண்காட்சியில் பரிசும் இல்லை, பதக்கமும் இல்லை. படம் சுவரில் இடம்பெறுவதே பெருமை என்று வைத்தார்கள். போட்டியை ஒட்டியும் வெட்டியும் நடக்கும் இந்த வாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

தலைப்பு போடும் எல்லை

‘உங்கள் சிறந்த படத்தை அனுப்புங்கள்’ என்று கேட்டால் எவரும் பழைய பெட்டியைத் திறப்பார்கள். ‘தண்ணீர்’ என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். தலைப்பின் பயன் இதுதான். இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் 8-வது தேசியப் புகைப்பட விருதுகளில் தொழில்முறைக் கலைஞர்களுக்கு ‘வாழ்வும் நீரும்’ என்றும், மற்றவர்களுக்கு ‘இந்தியாவின் பண்பாட்டு மரபு’ என்றும் தலைப்புகள் தரப்பட்டன. 2011-ல் தொடங்கிய துபாயின் ஹம்தான் சர்வதேச விருது ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தலைப்பைச் சூட்டுகிறது. நம்பிக்கை, தண்ணீர், மனிதநேயம் ஆகியவை அவற்றில் சில.

இந்தத் தலைப்புகள் இரண்டு வகைப்படும். பறவை, கோயில், மழை, சந்தை என்பவை பொருள் சார்ந்தவை. நம்பிக்கை, தனிமை, எல்லை என்பவை கருத்து சார்ந்தவை. முதல் வகையில் எல்லாரும் ஒரே பொருளைக் கொண்டுவருவதால் பார்வையில் வித்தியாசம் காட்டவேண்டிய நெருக்கடி வருகிறது. இரண்டாம் வகையில் நெருக்கடி வேறு. படத்தில் இருப்பதற்கும் தலைப்புக்கும் உள்ள உறவை நடுவர் விளக்கமில்லாமல் உணர வேண்டும். ‘நம்பிக்கை’ என்ற தலைப்புக்கு வந்த படத்தில் அழகான சூரிய உதயம் மட்டும் இருந்தால், அது எந்தத் தலைப்புக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் குறிப்பாகப் பொருந்தாது.

தலைப்பின் வரையறையைப் பொடி எழுத்து என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். ‘இயற்கை’ என்ற எளிய சொல்லை எடுத்துக்கொள்ளலாம். 1950-ல் உருவான ஃபியாப் என்ற சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பும், அமெரிக்கப் புகைப்படச் சங்கமும், பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியும் சேர்ந்து இயற்கைப் புகைப்படத்துக்கு ஒரு பொது வரையறையை ஏற்படுத்தின. 2015 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வளர்ப்பு விலங்குகளுக்கும் ஒட்டுரகச் செடிகளுக்கும் அதில் இடமில்லை. மனிதக் கைவண்ணம் தெரியக்கூடாது. ஆனால் களஞ்சியத்தில் கூடு கட்டும் கூகைபோல, மனிதர் அமைத்த இடமே அந்த உயிரின் வாழ்விடமாகிவிட்டால் விலக்கு உண்டு. ஓரத்தை வெட்டலாமே தவிர எதையும் சேர்க்கவோ அழிக்கவோ நகர்த்தவோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் அழகைவிட அது சொல்லும் கதைக்கு அதிக மதிப்பு தரவேண்டும் என்று நடுவர்களுக்கே அந்த வரையறை அறிவுறுத்துகிறது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ‘ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர்’ போட்டி இதே சொல்லை வேறு விதமாக அணுகுகிறது. 2021-ல் இளையோர் பிரிவின் உச்ச விருதை வென்றவன் பெங்களூருவைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன். சுவர் இடுக்கில் வலை பின்னியிருந்த சிலந்தி ஒன்றை அவன் எடுத்தான். வலைக்குப் பின்னால் தெருவில் போகும் ஆட்டோரிக்‌ஷாவின் வண்ணம் மங்கலாக விரிந்திருந்தது. அந்த ஆட்டோவின் நிறம்தான் படத்துக்கு உயிர். ஆனால் மனிதக் கைவண்ணம் கூடாது என்னும் போட்டிக்கு இதே படம் போயிருந்தால் முதல் சுற்றிலேயே கேள்வி எழுந்திருக்கும். படம் ஒன்றுதான், தலைப்பை எப்படி வரையறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் தலைவிதி மாறுகிறது.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

ஃபியாப் அங்கீகாரம் பெற்ற சலோன் எனப்படும் போட்டிகளில் பொதுவாக மூன்று நடுவர்கள் அமர்வார்கள். அனுப்பியவரின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். திரையில் படம் வந்து போவது சில நொடிகள்தான். ஒவ்வொருவரும் ஒரு மதிப்பெண்ணை அழுத்த, மூன்றின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் படம் ‘ஏற்பு’ பெறுகிறது. பரிசுகளைப் பற்றிய விவாதம் அதற்குப் பிறகு.

லண்டன் காட்டுயிர்ப் போட்டியில் அளவு இன்னும் பெரிது. 1965-ல் சில நூறு படங்களோடு தொடங்கிய அதற்கு 2024-ல் 117 நாடுகள், ஆட்சிப்பகுதிகளிலிருந்து 59,228 படங்கள் வந்தன. கண்காட்சிக்குப் போனவை 100. ஏறத்தாழ 600 படங்களுக்கு ஒன்று! இப்படிப்பட்ட நெரிசலில் திறமை மட்டும் போதாது. முதல் பார்வையிலேயே நடுவரை நிறுத்தும் ஏதோ ஒன்று படத்தில் இருக்கவேண்டும்; இரண்டாம் பார்வையில் தளர்ந்துவிடாத ஆழமும் வேண்டும்.

அனுபவமுள்ள நடுவரின் உண்மையான பலம் அவர் ஏற்கெனவே பார்த்துத் தீர்த்த படங்களில் இருக்கிறது. சீனாவின் லி ஆற்றில் மூங்கில் தெப்பத்தில் நீர்க்காகத்தோடும் விளக்கோடும் நிற்கும் முதியவர், மியன்மரின் இன்லே ஏரியில் கூம்புக் கூடையை ஒரு காலால் தூக்கி நிற்கும் மீனவர். இவை புகைப்படச் சுற்றுலாவுக்காகக் காசு வாங்கிக்கொண்டு நிற்கும் காட்சிகள் என்று அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டிலும் பட்டியல் நீளம்தான். அலங்காநல்லூரில் திமிலைத் தழுவிப் பறக்கும் இளைஞர், குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேடம், முகமெங்கும் சுருக்கம் விழுந்த பாட்டியின் கறுப்புவெள்ளை உருவம், விடியலில் பனிமூட்டத்தினூடே ஆடு ஓட்டிப் போகும் மேய்ப்பர். இவற்றில் குறையொன்றும் இல்லை. முதன்முதலில் எடுப்பவருக்கு இவை கண்டுபிடிப்பு. இருபது ஆண்டுகளாகப் படம் பார்த்துவரும் நடுவருக்கோ அன்றைக்கே அது ஐம்பதாவது படமாக இருக்கக்கூடும். ஆகவே காளி வேடம் போட்டவரைத் திருவிழாக் கூட்டத்தில் தேடுவதைவிட, வேடம் கலைத்துவிட்டு ஊர் திரும்பும் பேருந்தில் அவர் அமர்ந்திருப்பதை எடுத்தவருக்கு வாய்ப்பு அதிகம்.

நடுவர்களும் மனிதர்கள்தான். அவர்களுக்கென்று ருசி உண்டு, காலத்தின் சாய்வு உண்டு. ஸ்டீக்லிட்ஸுக்குப் பரிசளித்த எமர்சனே இதற்குச் சரியான உதாரணம். இயல்புவாதப் புகைப்படமே கலை என்று 1889-ல் புத்தகம் எழுதிய அவர், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் கொள்கை செத்துவிட்டது என்று கறுப்புக் கரையிட்ட சிறுநூலை வெளியிட்டார். ஒரே மனிதர் ஒரே கேள்விக்குச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு எதிரெதிர்த் தீர்ப்புகள் சொல்ல முடிகிறது என்றால், ஒரு போட்டியில் தோற்ற படம் மோசமான படம் என்று முடிவு கட்டுவது அறியாமை. வெவ்வேறு துறைகளிலிருந்து வந்த நடுவர்கள் சேர்ந்து உட்காருவது இதனால்தான் அவசியம். பத்திரிகைப் படக்காரர், காட்டுயிர் ஆய்வாளர், படத் தொகுப்பாசிரியர் மூவரும் ஒரு படத்தைப் பற்றிச் சண்டை போட்டு வந்த முடிவு, ஒருவர் தனியாக எடுத்த முடிவைவிடப் பெரும்பாலும் திடமாக இருக்கும்.

உண்மைக்கு ஒரு சோதனை

போட்டிகள் நம்பிக்கையின் மேல் நடப்பவை. அது உடைந்த சம்பவங்களே விதிகளை எழுதியிருக்கின்றன.

2009-ல் லண்டன் போட்டியின் உச்ச விருது, இரவில் மரக்கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. ஸ்பெயினின் ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸ் எடுத்தது. படம் அற்புதம். ஆனால், காட்டு ஓநாய் கதவுக் கம்பிகளுக்கு இடையே நுழைந்து போகுமே தவிர எதற்காகக் குதிக்கவேண்டும் என்று ஓநாயை அறிந்தவர்கள் கேட்டார்கள். விசாரணையில், அது பழக்கப்பட்ட விலங்காகவே இருக்கவேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். வாடகை விலங்குகளை எடுக்கக்கூடாது என்பது விதி. எடுத்தவர் மறுத்தபோதும் 2010 ஜனவரியில் விருது பறிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து இன்னொன்று: கறையான் புற்றின் ஒளிப்புள்ளிகளுக்கு நடுவே எறும்புண்ணி ஒன்று வந்து நிற்கும் பிரேசில் படம். அந்த எறும்புண்ணியின் ரோம வரிகளும், தேசியப் பூங்கா வாயிலில் பாடம் செய்து வைத்திருந்த எறும்புண்ணியின் வரிகளும் ஒத்துப்போவதாக விஞ்ஞானிகள் கருத்துச் சொன்னார்கள். எடுத்தவர் இதையும் மறுத்தார். 2018 ஏப்ரலில் அந்தப் படமும் நீக்கப்பட்டது.

கணினியில் செய்யும் திருத்தம் வேறு வகைச் சிக்கல். 2012-ல் பிரிட்டனின் ‘ஆண்டின் சிறந்த நிலக்காட்சிப் புகைப்படக்காரர்’ விருதை வென்ற லிண்டிஸ்பார்ன் படகுகளின் படம், அனுமதித்த அளவுக்கு மேல் திருத்தியதாகக் கண்டறிந்து நீக்கப்பட்டது. செய்தி சார்ந்த ‘வேர்ல்டு பிரஸ் போட்டோ’ போட்டி இன்னும் கடுமை. அங்கே 2010-ல் ஒரு படத்தின் ஓரத்தில் தெரிந்த கால் துணுக்கை அழித்ததற்காகவே பரிசு போனது. 2015-ல், இறுதிக்கு முந்தைய சுற்றுவரை வந்தவற்றில் 20 சதவீதம் அசல் கோப்போடு ஒப்பிட்டபோது தகுதி இழந்தன. அதே ஆண்டு பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரைப் பற்றிய தொடர் ஒன்றில் ஒரு படம் அந்த நகரில் எடுத்ததே அல்ல, புருசெல்ஸில் எடுத்தது என்று தெரியவந்ததும் பரிசு திரும்பப் பெறப்பட்டது. படத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. கீழே எழுதியிருந்த குறிப்பு பொய்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தொழில்நுட்பமே தீட்டு என்று நினைக்கத் தேவையில்லை. 2023-ல் லண்டன் போட்டியில் முதுகெலும்பற்ற உயிரினங்களின் நடத்தைப் பிரிவில் வென்ற படம் நம் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் ஸ்ரீராம் முரளி. இருட்டில் மரங்களின் மேல் ஆயிரக்கணக்கான மின்மினிகள் இமைப்பதை ஒரே படத்தில் காட்டுவதற்காக, 19 நொடிகள் வீதம் எடுத்த 50 படங்களை அவர் ஒன்றாக இணைத்தார். 16 நிமிடங்களின் ஒளி ஒரே சட்டகத்தில் சேர்ந்தது. இல்லாத ஒரு மின்மினிகூட அதில் சேர்க்கப்படவில்லை, செய்தது என்ன என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. லிண்டிஸ்பார்ன் படத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் மென்பொருளில் இல்லை. விதி அனுமதித்ததா, அனுப்பியவர் மறைக்காமல் சொன்னாரா என்ற இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

நடுவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2016-ல் சிங்கப்பூரில் கேமரா நிறுவனம் ஒன்று நடத்திய போட்டியில், ஏணியின் சட்டத்துக்குள் விமானம் கச்சிதமாகப் பறக்கும் படம் பரிசு பெற்றது. விமானத்தை வெட்டி ஒட்டியிருந்ததைப் பொதுமக்கள் நிமிடங்களில் கண்டுபிடித்தார்கள். தவறு நேர்ந்துவிட்டதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. சிறிய போட்டி என்பதற்காகப் பரிசோதனையைத் தளர்த்தினால் அவப்பெயர் பெரிதாக வரும்.

கேமரா இல்லாமல் வந்த படம்

2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதுகளின் திறந்த போட்டியில் படைப்பாக்கப் பிரிவில் வென்றது, இரண்டு பெண்கள் இருக்கும் பழங்காலத் தோற்றமுள்ள படம். ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், அது செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று அறிவித்து ஏப்ரலில் விருதை மறுத்தார். போட்டிகள் இதற்குத் தயாராக இருக்கின்றனவா என்று சோதிக்கவே அனுப்பியதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு எதிர்த்திசையிலிருந்து ஒரு சோதனை வந்தது. ‘1839 விருதுகள்’ என்ற போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு மைல்ஸ் ஆஸ்ட்ரே ஒரு பூநாரையின் படத்தை அனுப்பினார். பறவை தலையை உடலுக்குப் பின்னே வளைத்துச் சொறிந்துகொள்வதால் தலையே இல்லாததுபோல் தோன்றும். நடுவர் பரிசும் மக்கள் வாக்குப் பரிசும் கிடைத்தன. அது கேமராவில் எடுத்த உண்மையான படம் என்று அவர் சொன்னதும் தகுதி நீக்கப்பட்டது.

கண்ணால் பார்த்து மட்டும் அசலைப் பிரித்தறிய முடியாது என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் நிரூபித்துவிட்டன. எனவே ‘ரா’ எனப்படும் அசல் கோப்பைக் கேட்பதும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்பதும் இனி எல்லாப் போட்டிகளுக்கும் தவிர்க்க முடியாதவை. போட்டிக்குப் படம் அனுப்பும் எண்ணமுள்ளவர்கள் ரா கோப்புகளை அழிக்காமல் பத்திரப்படுத்தவேண்டும். செல்பேசியில் எடுப்பவர்களும் அசல் கோப்பை வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த பிரதி எந்த விசாரணையிலும் நிற்காது.

படத்தில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

பரிசைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறவர், படத்துக்குள் இருப்பவர். ஹம்தான் விருதின் ‘நம்பிக்கை’ பருவத்தில் 1,20,000 டாலர் மதிப்புள்ள உச்சப் பரிசு, வியட்நாமில் குழந்தைகளோடு நிற்கும் ஓர் ஏழைத் தாயின் படத்துக்குப் போனது. பரிசு அறிவித்த பின், பல புகைப்படக்காரர்கள் அந்தத் தாயைச் சூழ்ந்து நின்று எடுக்கும் காட்சி வெளியானது. நிற்கவைத்து எடுத்தது என்ற குற்றச்சாட்டை வென்றவர் மறுத்தார். விதி மீறப்பட்டதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். வறுமையை மூலப்பொருளாக வைத்து வரும் பரிசில் வறியவருக்கு என்ன பங்கு என்ற கேள்விக்கு எந்தப் போட்டியின் விதிப்புத்தகத்திலும் பதில் இல்லை. கூவாகம் திருவிழாவுக்குக் கேமராவோடு திரளும் கூட்டத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். தாலி அறுத்து அழும் திருநங்கையின் முகத்துக்கு அருகே லென்ஸை நீட்டுமுன் அனுமதி கேட்டவர்கள் எத்தனை பேர்?

காட்டிலும் இதே அறம்தான். கூட்டிலிருக்கும் பறவையை எடுக்கக் கிளையை வெட்டினால் குஞ்சுகள் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும். கூட்டுப் படங்களைப் பல இந்தியப் போட்டிகள் ஏற்பதில்லை. உயிர் இரையைக் காட்டி வரவழைத்து எடுப்பதை லண்டன் போட்டி தடை செய்திருக்கிறது. பரிசுக்கான வாசலை மூடினால் கெட்ட பழக்கமும் குறையும் என்பது இதன் நியாயம்.

போட்டி நல்லதைச் செய்த தருணங்களும் உண்டு. ‘சாங்ச்சுவரி’ இதழின் 2017 காட்டுயிர் விருதை பிப்லப் ஹாஸ்ராவின் படம் வென்றது. மேற்கு வங்கத்தின் பாங்குராவில் கூட்டம் எறிந்த தீப்பந்தங்களிலிருந்து தாய் யானையும் குட்டியும் தப்பி ஓடும் காட்சி. குட்டியின் உடலில் தீ பற்றியிருந்தது. அந்தப் பரிசு இல்லாவிட்டால் ஒரு மாவட்டத்தோடு முடிந்திருக்கக்கூடிய மனித–யானை மோதலை உலகம் முழுவதும் பார்த்தது.

கட்டணம், உரிமை

நுழைவுக் கட்டணம் வாங்குவது குற்றமல்ல. இணையதளம், நடுவர் பயணம், கண்காட்சி எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. லண்டன் போட்டியில் பெரியவர்களுக்குக் கட்டணம் உண்டு, 17 வயது வரை இலவசம். சந்தேகப்படவேண்டியது, நடுவர் யார் என்று சொல்லாமல், கண்காட்சியோ புத்தகமோ இல்லாமல், பணம் கட்டிய எல்லாருக்கும் ஏதோ ஒரு சான்றிதழ் தரும் போட்டிகளை.

சலோன் வட்டத்தில் இன்னொரு நோய் இருக்கிறது. ஏற்புகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஃபியாப் பட்டங்கள் படிப்படியாகக் கிடைப்பதால், ஒரே படத்தைப் பெயர் மாற்றி, நாடு நாடாக அனுப்பி எண்ணிக்கையைக் கூட்டுவதே சிலருக்கு முழுநேர வேலையாகிவிட்டது. அந்த அமைப்பின் தொடக்க நோக்கம் அதுவல்ல. பெங்களூருவில் வாழ்ந்து 2017-ல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள், மூத்தவரான ஓ.சி. எட்வர்ட்ஸிடம் காட்டுயிர்ப் புகைப்படம் பயின்று, ஃபியாபின் ‘மாஸ்டர்’ பட்டம் வரை உயர்ந்தவர். தான் கற்றதை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். பட்டம் அவருக்கு உழைப்பின் விளைவாக வந்து சேர்ந்தது.

உரிமைப் பிரச்சினை இதைவிட முக்கியம். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படத்தை எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். பரிசு சில ஆயிரம் ரூபாய். ஆனால் ‘வரும் படங்கள் அனைத்தும் அமைப்பாளருக்கே சொந்தம்’ என்று விதியில் ஒரு வரி இருக்கும். வென்றவர் மட்டுமல்ல, தோற்ற நூற்றுக்கணக்கானவர்களும் தங்கள் படங்களை விளம்பரத்துக்கு இலவசமாக எழுதிக்கொடுத்துவிட்டார்கள் என்று அதற்குப் பொருள். போட்டி பற்றிய செய்தியிலும் கண்காட்சியிலும் பயன்படுத்த அனுமதி கேட்பதோடு நிறுத்திக்கொள்வதே நியாயமான போட்டியின் அடையாளம்.

தெரிந்தே உரிமையைப் பகிர்வது வேறு விஷயம். 2010-ல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ போட்டியில் படங்கள் எவரும் பயன்படுத்தக்கூடிய உரிமத்தில் சேர்கின்றன. 2012-ல் மட்டும் 3,50,000-க்கும் மேற்பட்ட படங்கள் வந்து கின்னஸ் சாதனையாயின. தமிழ் விக்கிப்பீடியர்களும் 2011-12-ல் ஊடகப் போட்டி ஒன்றை நடத்தித் தமிழர் வாழ்வியல் படங்களைப் பொதுவுக்குச் சேர்த்தார்கள். அங்கே கொடுப்பவருக்குத் தாம் எதைக் கொடுக்கிறோம் என்று தெரியும்.

கலந்துகொள்பவர் செய்யக்கூடியவை

வென்றவர்களின் பணிமுறையைப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. 2020-ல் லண்டன் காட்டுயிர்ப் போட்டியில், மரத்தைத் தழுவி நிற்கும் சைபீரியப் பெண்புலியின் படத்துக்கு உச்ச விருது பெற்ற ரஷ்யாவின் செர்கேய் கோர்ஷ்கோவ், தானியங்கிக் கேமராவை வைத்துவிட்டு அந்த ஒரு காட்சிக்காகப் 11 மாதங்களுக்கு மேல் காத்திருந்தார். ஆற்றலைவிட முன்யோசனையும் பொறுமையுமே அங்கே பேசுகின்றன. தலைப்பு அறிவித்த அன்றே யோசிக்கத் தொடங்குபவருக்கும் கடைசி நாளிரவு ஹார்டு டிஸ்க்கைத் துழாவுபவருக்கும் இடையே இந்த வித்தியாசம் வெளிப்படும்.

தேர்வு இன்னொரு தனிக் கலை. எடுக்கப் பட்ட பாட்டை மனம் மறப்பதில்லை. மலையேறி எடுத்த படம் வீட்டு வாசலில் எடுத்ததைவிட நல்லது என்று அது சாதிக்கும். நடுவருக்கு மலை தெரியாது, படம் மட்டும்தான் தெரியும். ஆகவே அனுப்புவதற்கு முன், உண்மையைச் சொல்லத் தயங்காத ஒரு மூத்தவரிடம் காட்டுவது நல்லது. தலைப்பை அவரிடம் சொல்லாமல் படத்தைக் காட்டி, இது எதைப் பற்றியது என்று கேட்கலாம். தலைப்புக்கு அருகில் அவர் பதில் வந்துவிட்டால் படம் தேறும். குறிப்பில் இடம், நாள், சூழல் மூன்றும் உண்மையாக இருக்கவேண்டும், கவிதை அவசியமில்லை. முடிவு வந்தபின், வென்ற படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் மேலே வந்தது என்று எழுதிப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணத்துக்கு அதைவிடப் பெரிய பலன் இல்லை.

மொத்தத்தில், அனுபவசாலிகள் தீர்ப்புச் சொல்லும் தலைப்புப் போட்டி புகைப்படக்காரருக்குப் பயனுள்ளது என்பதே இந்த வரலாறு காட்டும் முடிவு. நடுவர் பெயர் முன்கூட்டியே தெரிவது, தலைப்பின் வரையறை தெளிவாக இருப்பது, அசல் கோப்பைச் சரிபார்ப்பது, உரிமை எடுத்தவரிடமே தங்குவது என்ற நான்கு நிபந்தனைகள் நிறைவேறினால் தயங்காமல் கலந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் போட்டி நடத்தும் சங்கங்களும் கல்லூரிகளும் அரசுத் துறைகளும் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். வென்ற படங்களின் பட்டியலோடு, அவை ஏன் வென்றன என்று நடுவர்கள் கையெழுத்திட்டு எழுதிய ஒரு பக்கத்தையும் வெளியிடுங்கள். தோற்றுத் திரும்பும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்த ஒரு பக்கம்தான் பாடம். அடுத்த போட்டிக்கு நல்ல படங்கள் வரவேண்டுமானால் அதைக் கொடுத்தே ஆகவேண்டும்.